சாத்திய கதவுக்குள் எரியும் அடுப்பு

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளியை ஒட்டிய கோணேசபுரியில் இருக்கிறது. சித்த மருத்துவமும் பிரயோக விஞ்ஞானமும் தொடர்பாடலும் வணிகமும் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெற்கின் சிங்கள ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். வளாக விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்குப் போர்டிங்தான் வழி. வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டிய அறை, மாடிப்படிக்குக் கீழே தடுத்தெடுத்த அறை, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பிரித்த அறைகள் என்று அது பல உருவங்களில் கிடைக்கும். இந்தக் கரையில் சுற்றுலாக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. அது ஓய்ந்ததும் ஒக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும். சன்னல்களைச் சாத்துவதும், கரண்ட் அடிக்கடி போவதும், வெளியே அடுப்பு மூட்ட முடியாமற் போவதும் அந்த மாதங்களில்தான். ஓர் அறைக்குள் நான்கு பேர், சாத்திய சன்னல், உள்ளே எரியும் ஒரு கரியடுப்பு அல்லது சுவருக்கு அப்பால் ஓடும் ஒரு ஜெனரேற்றர். காபன் மொனொக்சைட்டு என்று செய்திகளில் வரும், நம் பள்ளிப் புத்தகங்கள் காபனோரொட்சைட்டு என்று சொல்லும் வாயு ஆளைக் கொல்ல இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அப்படியொரு சாவு விழுந்தபின் ஆணைக்குழு கேட்பதைவிட, விழுமுன் அதைப் பற்றிப் பேசிவிடுவது மேல்.

எரிபொருளுக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காமல் அரைகுறையாக எரியும்போது இந்த வாயு பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது, இருமலும் வராது. மூச்சோடு உள்ளே போனதும் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 முதல் 250 மடங்கு இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பெர்னார்ட் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, இது ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதை விளங்கப்படுத்திவிட்டார். காற்றில் ஒட்சிசன் தாராளமாக இருக்கும், நெஞ்சும் ஏறி இறங்கும், ஆனால் இரத்தம் வெறுங்கையோடு ஓடும். அந்தக் குறைவைத் தாங்க முடியாத உறுப்புகளில் முதலாவது மூளை. தலையிடி, கிறுதி, குமட்டல், உடம்பு அசதி என்று தொடங்கும். மழை நாளில் இவை வந்தால் யாரும் காய்ச்சல் வரப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிடுவார்கள். அடுத்த கட்டத்தில் புத்தி குழம்பும், கால்கள் சொன்னபடி கேட்கா. கதவு நான்கு அடி தூரத்தில் இருந்தும் அதைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே எழாது. தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த அடையாளங்களும் இல்லை.

இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த உடலியல் உண்மையின் மேல்தான் நிற்கிறது. தீ பிடித்தால் புகையும் சூடும் தெரியும், கரண்ட் அடித்தால் உடனே உறைக்கும். காபனோரொட்சைட்டோ ஆபத்தை உணர்ந்து முடிவெடுக்க வேண்டிய மூளையையே முதலில் மழுக்குகிறது. ஆகவே ‘பிள்ளைகளே, கவனமாக இருங்கள்’ என்று துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்க முடியாது. கவனமாக இருக்க வேண்டியவரின் கவனத்தைப் பறிக்கும் நஞ்சு இது. அதைத் தடுக்கும் பொறுப்பு அறையைக் கட்டியவரிடமும், வாடகைக்கு விடுபவரிடமும், அங்கே பிள்ளைகளை அனுப்பும் நிறுவனத்திடமும் இருக்க வேண்டும். அடுப்பும் இயந்திரமும் எங்கே இருக்கின்றன, புகை எந்தப் பக்கம் போகிறது, ஆள் தூங்கும்போது யார் விழித்திருப்பது என்பவை கட்டடத்திலும் ஒப்பந்தத்திலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியவை.

நிலாவெளியில் யாருக்குக் கணப்பு வேண்டும் என்பது முதலில் எழும் மறுப்பு. நியாயமான கேள்விதான். செய்தியில் வரும் சாவுகளில் பல குளிர் ஊர்களில் நடந்தவை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலை விடுதியில் கேரளத்திலிருந்து போன எட்டுப் பேர், அவர்களில் நால்வர் குழந்தைகள், அறைக்குள் வைத்த எரிவாயுக் கணப்பால் இறந்தார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இறைச்சி வாட்டிய கரியடுப்பைக் குளிருக்காக அறைக்குள் எடுத்துக்கொண்டு படுத்தவர்கள் எழும்பாமற்போன செய்திகள் வந்திருக்கின்றன. ஆனால் குளிர் அங்கே ஒரு தூண்டுதல் மட்டுமே. உண்மையான காரணம், எரிதல் சாத்திய இடத்துக்குள் வந்ததுதான். குளிர் ஊரில் கதவைச் சாத்த வைப்பது பனி. நிலாவெளியில் சாத்த வைப்பவை சாரலும், நுளம்பும், கடற்காற்றில் பறந்துவரும் மணலும், தனியே தங்கியிருக்கும் பெண் பிள்ளைகளுக்கு இரவில் இருக்கும் பயமும். குளிரூட்டி பொருத்துவதற்காகச் சன்னலின் மேற்புறத்து ஓட்டைகளை அடைத்துவிட்ட அறைகளும் உண்டு. எரிபொருளை உள்ளே கொண்டுவர வைப்பவை பசியும் இருட்டும். வெப்பமான ஊர் என்பதால் வந்த பாதுகாப்பு, மழை தொடங்கும் அன்றே முடிந்துபோகிறது.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது: தலைமுறை தலைமுறையாக விறகிலும் கரியிலும்தானே சமைத்தோம், அம்மம்மா செத்தா போனா? 2012 குடிசன மதிப்பீட்டிலும் இலங்கை வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகிலேயே சமைத்தன. விறகுப் புகையால் அந்தப் பெண்களின் நுரையீரலும் கண்ணும் பட்ட பாடு தனிக் கதை, அதைப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கூட்டமாகச் செத்து விழவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் அந்தக் குசினிகள்தான். ஓலையும் ஓடும் இடைவெளி விட்டன, சுவர் கூரையைத் தொடாமல் நின்றது, குசினி படுக்கும் அறையிலிருந்து விலகி இருந்தது, விறகின் புகையே ஆளை வெளியே துரத்தியது. இன்றைய போர்டிங் அறை சீமெந்துச் சுவரும் பிளேட்டும் அலுமினியச் சன்னலும் கொண்டது. சமைப்பதும் படிப்பதும் படுப்பதும் அந்த ஒரே அறைக்குள். விறகு புகைந்து எச்சரிக்கும். நன்றாகக் கனன்று சிவந்த சிரட்டைக்கரியில் புகையே தெரியாது. ‘இனிப் பயமில்லை’ என்று உள்ளே எடுத்துவரும் அந்த நேரத்தில்தான் அது மிக அதிகமாக இந்த வாயுவை விடுகிறது. கரண்ட் இல்லாத நாளில் தேடியெடுக்கும் கரி ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் இது பொருந்தும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து அடிக்குப் பத்து அடி, ஒன்பது அடி உயரம் என்றால் அறைக்குள் ஏறத்தாழ 25 கனமீற்றர் காற்று இருக்கும். ஒரு கிலோ கரி எரியும்போது சராசரியாக 200 கிராம் அளவில் காபனோரொட்சைட்டு வெளிவருகிறது என்பது வளிமண்டல ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மதிப்பு. அரைக் கிலோ கரிக்கு 100 கிராம். அது முழுவதும் அறைக்குள் தங்கினால் ஒரு கனமீற்றருக்கு 4,000 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் உள்ளகக் காற்றுக்கு ஒரு மணித்தியால வரம்பாக வைத்திருப்பது 35 மில்லிகிராம். கதவிடுக்கிலும் சன்னலிடுக்கிலும் பத்தில் ஒன்பது பங்கு கசிந்து போய்விட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் வரம்பைப் போல பத்து மடங்குக்கு மேல் மிஞ்சுகிறது. அதற்குள் ஓர் இரவு தூங்குவது உயிரோடு விளையாடுவது. சன்னலை ஓரங்குலம் திறந்துவைத்தோம், மூலையில் ஒரு வாளி தண்ணீர் வைத்தோம் என்ற சமாதானங்களை இந்தக் கணக்குக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ஓரங்குலத் திறப்பை நம்ப முடியாது. வாளித் தண்ணீரால் ஒரு பயனும் இல்லை, இந்த வாயு நீரில் கரைவது மிகச் சொற்பம்.

கரியைவிட எனக்கு அதிகம் அச்சம் தருவது ஜெனரேற்றர். 2022 மார்ச் இறுதியில் நாடு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டது. அதே ஆண்டு எரிவாயுவும் மண்ணெண்ணெயும் வரிசையில் நின்றாலும் கிடைக்காமல் போயின. கையில் அகப்பட்டதை எரித்தே பலர் சமைத்தார்கள். நெருக்கடிக்கு முன்னும் பின்னும் புயல்கள் வந்தன. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி கரையேறியது திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே, நிலாவெளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் என்றே சொல்லலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா கிழக்குக் கரையால் ஏறி நாட்டையே புரட்டிப்போட்டது. ஒவ்வொரு முறையும் மின்கம்பங்கள் சாய்கின்றன, ஒவ்வொரு முறையும் சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர்களைத் தேடி ஓடுகிறோம். அப்படிப்பட்ட ஓர் இயந்திரம் மணிக்குப் பல நூறு கிராம் காபனோரொட்சைட்டைத் தள்ளக்கூடியது, கரியடுப்பு அதற்குக் கிட்டவும் வராது. மழையில் நனையக் கூடாது, திருடுபோகவும் கூடாது என்று அதை விறாந்தையிலோ மாடிப்படிக்குக் கீழேயோ நடைவழியிலோ வைத்து ஓட்டுவார்கள். அறைகளைப் பிரிக்கும் சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டால், அதற்கு மேலேயுள்ள வெளி எல்லா அறைகளுக்கும் பொது. ஓர் அறைப் பக்கம் ஓடும் இயந்திரத்தின் புகை மூன்றாவது அறையில் தூங்குபவரிடம் போய்ச் சேரும். 2024 ஜனவரியில் நைஜீரியாவின் பயெல்சா மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஓர் இசைப்பதிவுக் கூடத்தில் இறந்து கிடந்தார்கள். இரவு முழுக்க ஓடிய ஜெனரேற்றரின் புகையே காரணம் என்று சொல்லப்பட்டது. அங்கே குளிர் இல்லை. நம்மைப் போலவே வெப்பமும் மின்தடையும்தான்.

மாணவர்கள் தங்கிய இடத்தில் நடந்து, ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய சம்பவம் தென்கொரியாவில் இருக்கிறது. 2018 டிசெம்பர் 18ஆம் திகதி, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடித்த பத்து மாணவர்கள் காங்நுங் என்ற கடலோர ஊரின் விடுதியொன்றில் தங்கியிருந்தார்கள். சுடுநீர்க் கொதிகலத்தின் புகைக்குழாய் பொருத்து விட்டு விலகியிருந்தது. மூவர் இறந்தார்கள், எழுவர் ஆபத்தான நிலையில் மீட்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அடுப்பு மூட்டவில்லை, ஜெனரேற்றர் ஓட்டவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. படுத்தார்கள், அவ்வளவுதான். அறையில் ஓர் எச்சரிக்கைக் கருவி இருந்திருந்தால் பத்துப் பேரும் எழும்பியிருக்கக்கூடும். அதன்பின் எரிவாயுக் கொதிகலத்தோடு காபனோரொட்சைட்டு அலாரமும் பொருத்த வேண்டும் என்பது அங்கே சட்டமாயிற்று. பிரித்தானியாவில் வாடகை வீட்டின் எரிவாயுச் சாதனங்களை ஆண்டுக்கொரு முறை தகுதிபெற்றவரைக் கொண்டு சோதிக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. 2015இலும் 2022இலும் வந்த விதிகள் அலாரத்தையும் இங்கிலாந்து வீட்டுக்காரரின் பொறுப்பாக்கின. இரண்டு நாடுகளும் வாடகைக்காரரின் விழிப்பை நம்பி நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நமக்கும் கிட்டத்தில் ஒரு பாடம் உண்டு. 2025 பெப்ரவரியில் கொழும்பு விடுதியொன்றில் தங்கியிருந்த வெளிநாட்டு இளம்பெண்கள் இருவர் இறந்தபோது, அங்கே மூட்டைப்பூச்சிக்கு அடித்த மருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது. அந்த வாயு வேறு. ஆனால் தங்குபவருக்குத் தெரியாமல் கட்டடத்துக்குள் நஞ்சு நடமாடலாம் என்பது மாறவில்லை.

அப்படியென்றால் அறைக்குள் சமைக்கவே கூடாது என்று தடை போட்டால் தீர்ந்தது என்று போர்டிங்காரர் சொல்வார். பல இடங்களில் அந்தத் தடை ஏற்கெனவே இருக்கிறது. கரண்ட் பில்லும் வயரிங்கும் தாங்காது என்று ரைஸ் குக்கரையும் கேத்தலையும்கூட மறிப்பார்கள். இதன் விளைவை யோசித்துப் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் கடைச் சாப்பாட்டுக்குக் காசில்லாத பிள்ளை சமைக்கத்தான் போகிறது. தடை இருப்பதால் கதவைப் பூட்டி, மணம் வெளியே போகாமல் கதவடியில் துவாயைச் செருகி, ஒளித்துச் சமைக்கும். காற்று வர வேண்டிய கடைசி வழியையும் விதியே அடைத்துவிடுகிறது. மின்சாரத்தில் ஓடும் ரைஸ் குக்கர் ஒரு துளி காபனோரொட்சைட்டையும் விடாது. அதை மறித்து மண்ணெண்ணெய் அடுப்பை நோக்கித் தள்ளுவது பாதுகாப்பின் பெயரால் செய்யும் பெருந்தவறு. வயரிங் பலவீனம் என்றால் சரிசெய்ய வேண்டியது வயரிங்கை. மழையிலும் சமைக்கக்கூடிய, இரண்டு பக்கமாவது திறந்த ஒரு பொதுக் குசினிக் கொட்டில், அதற்கு நல்ல கூரை, ஒரு மின்விளக்கு: இவ்வளவும் இருக்கும் வீட்டில் யாரும் அறைக்குள் அடுப்பை ஒளிக்க மாட்டார்கள். தடைக்கு முன்னே மாற்று வர வேண்டும்.

அலாரத்தின் செலவைப் பற்றிய கவலையை நான் எளிதாகத் தள்ளவில்லை. வருமானத்துக்கு இரண்டு அறையை வாடகைக்கு விடும் விதவைத் தாய்மாரும் இந்த ஊரில் வீட்டுக்காரர்தான். ஆனால் பட்டரியில் ஓடும் ஒரு கருவி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் உழைக்கும். ஆண்டுக்கு நாலு பேராக அந்த அறையில் மாறிமாறித் தங்குவோர் மேல் அதைப் பரப்பிப் பார்த்தால் பாரம் பெரிதில்லை. அதுவும் முடியாத வீட்டில், காசே கேட்காத வழி ஒன்று இருக்கிறது: எரிவதை வெளியே வைப்பது. அலாரம் இரண்டாவது வரிசைதான், முதல் வரிசை தூரம். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமையல் எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி வேறு, இது வேறு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும், மணமும் சேர்த்திருப்பார்கள். 2021 கடைசியில் சிலிண்டர்கள் வெடித்த நாட்களில் நாம் மூக்கை நம்பப் பழகினோம். காபனோரொட்சைட்டு காற்றின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாகையால் அறை முழுதும் கலந்து நிற்கும், மூக்குக்கு எட்டாது. ஐரோப்பியத் தரத்துக்குச் செய்த கருவி, காற்றின் பத்து இலட்சம் பங்கில் இந்த வாயு 300 பங்கை எட்டினால் மூன்று நிமிடத்துக்குள் அலறும், 50 பங்கில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பொறுத்து அலறும். படுக்கைக்குக் கிட்ட, தலை இருக்கும் உயரத்தளவில் வைத்தால் போதும்.

இத்தனைக்கும் மேல் ஒருவர் விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது அறைத்தோழருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவு சன்னலை அகலத் திறந்து, ஆளை வெளிக் காற்றுக்கு இழுத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுவது. தேசிக்காய்த் தண்ணீரோ தலைத் தைலமோ தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. சாதாரண காற்றில் இரத்தத்திலுள்ள இந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும், முகமூடி வழியே முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். வைத்தியசாலையில் முதலில் சொல்ல வேண்டிய வாசகம், ‘அறைக்குள் அடுப்பு எரிந்தது’ அல்லது ‘பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடியது’ என்பது. கொரோனாக் காலத்தில் பல வீடுகளுக்கும் வந்துசேர்ந்த, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இந்த விடயத்தில் பொய் சொல்லும். காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தத்தையும் ஒட்சிசன் ஏறிய இரத்தமென்றே எண்ணி 98 என்று காட்டும். அந்த இலக்கத்தை நம்பி ஆளை மறுபடி படுக்கவிட்டால் முடிந்தது. ஒரே அறையில் இருவர் மூவருக்கு ஒன்றாகத் தலையிடி வந்து, வெளியே போனதும் தெளிந்தால், அது காய்ச்சல் இல்லை என்று சந்தேகிக்கவும் பழக வேண்டும்.

இனி யார் தொடங்குவது என்ற கேள்வி. நாடு முழுவதற்கும் சட்டம் வரும்வரை நிலாவெளி காத்திருக்க வேண்டியதில்லை. புதிய அணி மாணவர்கள் வரும்போது போர்டிங் தேடி அலைகிறார்கள். வளாகத்தின் மாணவர் நலப் பிரிவும் மாணவர் ஒன்றியமும் சேர்ந்து, பார்வையிட்டு ஒப்புக்கொண்ட வீடுகளின் பட்டியலொன்றை வைத்தால் வீட்டுக்காரர்களே அதில் சேர விரும்புவார்கள், வாடகைக்கு ஆள் நிச்சயம் அல்லவா? பட்டியலில் சேர நிபந்தனைகள் அதிகம் வேண்டாம். சமைக்கத் திறந்த கொட்டில் இருக்க வேண்டும். ஜெனரேற்றர் இருந்தால், எந்தக் கதவுக்கும் சன்னலுக்கும் இருபது அடிக்கு அப்பால், புகைவாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, நான்கு பக்கமும் திறந்த சின்னக் கூரையின் கீழ் வைக்க வேண்டும். எரிவாயுவில் சுடுநீர் போடும் இயந்திரம் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். தூங்கும் அறையின் சன்னல்களில் ஒன்றாவது சாரல் அடிக்காத பக்கம் திறக்க வேண்டும். பெண் பிள்ளைகள் தங்கும் அறையென்றால் அந்தச் சன்னலுக்குக் கம்பியும் நுளம்பு வலையும் வேண்டும், அப்போதுதான் இரவில் அது உண்மையாகவே திறந்திருக்கும்.

பார்வையிடுவதற்குப் புதிய உத்தியோகத்தரும் தேவையில்லை. மழை தொடங்கினால் டெங்குக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வருகிறார். பூச்சாடித் தட்டையும் பீலியையும் டயரையும் புரட்டிப் பார்த்துத் தாளில் குறிக்கிறார். அடுப்பு எங்கே, ஜெனரேற்றர் எங்கே, புகைவாய் எந்தப் பக்கம், அறைச் சன்னல் திறக்கிறதா என்ற நான்கு வரியைப் பிரதேச சபையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் அந்தத் தாளிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் கூடும். ஒக்டோபர் பிறக்குமுன் தாள் அச்சாகிவிட்டால் இந்த மாரிக்கே தொடங்கிவிடலாம்.